வாசகர் கேள்வி–பதில்: நவம்பர் டிராஃப்டில் நம்ம கிளப் யாரை எடுக்கும்?

படிப்புக்கும் நர்ஸ் வேலைக்கும் ஐ.டி. வேலைக்கும் நம் நீலகிரி மலையிலிருந்து மெல்போர்ன், பெர்த் என்று போனவர்கள் அங்கே ஏதாவது ஒரு ஃபூட்டி கிளப்புக்கு மெம்பராகிவிடுகிறார்கள். அப்புறம் ஊரில் இருக்கிற குடும்பத்தையும் ரசிகர்களாக்கி விடுகிறார்கள். அதாவது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்: முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர். அதன் பெரிய லீக்கில் (ஏ.எஃப்.எல்.) கிளப்புகள் இளம் வீரர்களை வரிசைப்படி எடுக்கிற டிராஃப்ட் நெருங்கும் நேரத்தில் வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் மெல்போர்னில் இருக்கிறார், தீவிரமான காலிங்வுட் ரசிகர். அக்டோபர் பிறந்தால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எந்நேரமும் பிக், பிக் என்றே பேச்சு. இது ஐ.பி.எல். ஏலம் மாதிரியா?
– ஒரு வாசகர், குன்னூர்

இல்லை, இதில் காசு கொடுத்து ஆளைத் தூக்குகிற வேலையே கிடையாது. அந்த வருஷம் டிசம்பர் 31-க்குள் 18 வயது முடிகிற பையன்கள் பெயர் கொடுப்பார்கள். சீசனின் புள்ளிப் பட்டியலில் கடைசியாக முடித்த கிளப் முதலில் ஒருவரைக் கூப்பிடும், கோப்பை ஜெயித்த கிளப் அந்தச் சுற்றில் கடைசியாகக் கூப்பிடும். ஒவ்வொரு முறை கூப்பிடுகிற உரிமைக்கும் பெயர்தான் பிக். 1986-லிருந்து இப்படித்தான் நடக்கிறது. பணக்கார கிளப்பே எல்லா நல்ல பையன்களையும் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது, சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் பிக்கை கிளப்புகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், அடுத்த வருஷத்துப் பிக்கைக்கூட இப்போதே கொடுத்து வேறு ஆளை வாங்கலாம். அக்டோபரில் உங்கள் அண்ணனுக்குத் தூக்கம் கெடுவது அதனால்தான். நேரலை பார்க்க வேண்டுமென்றால், நவம்பரில் மெல்போர்னில் இரவு 7 மணி நமக்கு மதியம் 1.30. மழைக்காலம், கரண்ட் போகும், போனை முன்கூட்டியே சார்ஜ் போட்டு வையுங்கள்.

பதினெட்டு வயசுப் பையனை யாரோ ஒரு கிளப் கூப்பிட்டால் அவன் போய்த்தான் ஆக வேண்டுமா? எனக்கு அந்த ஊருக்குப் போகப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாதா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

அம்மா, கிளப்பைத் தேர்ந்தெடுக்கிற உரிமை பையனுக்கு இல்லை. பெர்த்தில் பிறந்து வளர்ந்தவனை மெல்போர்ன் கிளப் கூப்பிட்டால் மெல்போர்ன்தான். நடுவில் உள்ள தூரம் ஊட்டியிலிருந்து டெல்லிக்கு உள்ளதைவிட அதிகம். குறைந்தது இரண்டு வருஷ ஒப்பந்தம், அதுவரை இருக்க வேண்டும். கிளப்புகளும் வெறுமனே கொண்டுவந்து விட்டுவிடுவதில்லை, புதுசாக வருகிற பையன்களை ஒரு குடும்பத்தோடு தங்க வைக்கிற வழக்கம் அங்கே உண்டு. இருந்தாலும் வீட்டு ஞாபகம் பெரிய விஷயம்தான். 2021-ல் முதல் பிக்காக நார்த் மெல்போர்ன் எடுத்த ஜேசன் ஹார்ன்-பிரான்சிஸ் தெற்கு ஆஸ்திரேலியாக்காரர், ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டுச் சொந்த மாநிலத்து போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். அதற்காக அவரை எத்தனையோ மைதானத்தில் கூச்சல் போட்டுத் திட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய், முதல் மாதமே திரும்பி வந்து நிற்பதை நாம் பார்க்காததா?

நாங்கள் ஊட்டியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஃபூட்டி பார்க்கிறோம். எங்கள் அணி இனி ஃபைனல்ஸுக்கு (முன்னணி அணிகள் மட்டும் ஆடுகிற கடைசிக் கட்டம்) வராது என்று தெரிந்துவிட்டால், மிச்ச ஆட்டங்களைத் தோற்றால் நல்லது, முதல் பிக் கிடைக்கும் என்று ஒருவன் வாதிடுகிறான். அவன் சொல்வது சரியா?
– ஒரு வாசகர், ஊட்டி

சரியே இல்லை. அவருக்கு மெல்போர்ன் டீமன்ஸ் கிளப்பின் கதையை உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

2008-ல் அவர்கள் கடைசி இடம். முதல் பிக்கில் ஜாக் வாட்ஸ் என்ற பையனை எடுத்தார்கள். இரண்டாவது பிக்கில் நிக் நைட்டனூயி வெஸ்ட் கோஸ்ட் கிளப்புக்குப் போனார். வாட்ஸ் இன்னும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். 2009 ஜூனில், ராணி பிறந்தநாள் விடுமுறை ஆட்டம் என்று பெரிய கூட்டம் வருகிற நாளில், காலிங்வுட்டுக்கு எதிராக அவரை முதல்முறை இறக்கினார்கள். பந்து கைக்கு வந்ததும் காலிங்வுட்காரர்கள் பாய்ந்து அமுக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பையன் என்ன செய்தாலும் முதல் பிக் இப்படியா, நைட்டனூயியை விட்டுவிட்டார்களே என்றுதான் பேச்சு. மெல்போர்னுக்காக 150-க்கு மேல் ஆட்டம் ஆடியவர் அவர், அது சின்ன விஷயமா? முதல் பிக் என்ற எண்ணை அவர் முதுகில் ஒட்டியது கிளப், ஆனால் ஏச்சு வாங்கியது அவர்.

அடுத்த வருஷமும் கடைசி இடம். அப்போதைய விதிப்படி அடுத்தடுத்து இரண்டு சீசனில் ஐந்துக்கும் குறைவாக ஜெயித்த கிளப்புக்குச் சலுகையாகக் கூடுதல் பிக் கிடைக்கும். அதனால் 2009-ல் முதல் இரண்டு பிக்கும் மெல்போர்னுக்கே வந்தன: டாம் ஸ்கல்லி, ஜாக் டிரெங்கோவ். வேண்டுமென்றே தோற்றார்களா என்று பிற்பாடு பெரிய விசாரணை நடந்தது. தோற்கவே ஆடினார்கள் என்று லீக் முடிவு கட்டவில்லை, ஆனாலும் 2013-ல் கிளப்புக்கு 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. இரண்டு பேருக்குத் தடையும் விழுந்தது. சரி, அந்த இரண்டு பிக்கால் என்ன கிடைத்தது? ஸ்கல்லி 2011 முடிந்ததும் புதிதாக வந்த ஜி.டபிள்யூ.எஸ். (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) கிளப்புக்குப் போய்விட்டார். டிரெங்கோவை 20 வயதிலேயே இணை கேப்டனாக்கினார்கள், லீக் வரலாற்றிலேயே அவ்வளவு சின்ன வயதில் யாரும் கேப்டன் ஆனதில்லை. பாதத்தில் காயம் பட்டுப் பட்டு அவருடைய நல்ல வருஷங்கள் போய்விட்டன.

இனிமேல்தான் உங்கள் நண்பர் கவனமாகக் கேட்க வேண்டிய இடம். அதே 2009 டிராஃப்டில் 34-வது பிக்காக அதே மெல்போர்ன் ஓர் உயரமான பையனை எடுத்தது. அவர் மேக்ஸ் கான். முழங்கால் காயத்தோடு பல வருஷம் போராடினார். பந்து எறியப்படும்போது எகிறித் தட்டிவிடுகிற ரக் வேலைக்கு வருகிற உயரமான பையன்கள் உடம்பு தேறி நிற்க நாளாகும். தேயிலை நாற்றை நட்ட மறுவருஷமே கொழுந்து கிள்ள முடியுமா, அப்படித்தான். 2021-ல் 57 வருஷத்துக்குப் பிறகு மெல்போர்ன் கோப்பையை ஜெயித்தபோது கேப்டன் அவர்தான். மேல்வரிசைப் பிக்கெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் கிறிஸ்டியன் பெட்ராக்கா 2014-ல் இரண்டாவது பிக்காக வந்தவர். ஆனால் அவரை வளர்க்கத் தெரிந்த கிளப்பாக மெல்போர்ன் மாறிய பிறகுதான் அவர் பலன் கொடுத்தார். தோற்றுப் பழகிய அணிக்குள் ஒரு சின்னப் பையனைக் கொண்டுபோய் விட்டால் அவனும் தோற்கத்தான் கற்றுக்கொள்வான்.

அப்பா ஆடிய கிளப்புக்கே மகன் போகலாம் என்று ஒரு விதி இருக்கிறதாமே. வரிசைப்படி எடுப்பது என்று சொல்லிவிட்டு இது என்ன நியாயம்?
– ஒரு வாசகர், அருவங்காடு

அப்பா அந்த கிளப்புக்காக 100 ஆட்டமாவது ஆடியிருந்தால் மகனை எடுக்க அந்த கிளப்புக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் இலவசம் கிடையாது. வேறு கிளப் தன் பிக்கில் அந்தப் பையன் பெயரைச் சொன்னால் அதை பிட் (bid) என்பார்கள். அப்போது சொந்த கிளப் தன் கையில் உள்ள பிக்குகளைக் கொடுத்து அந்த விலைக்கு ஈடு கட்ட வேண்டும். ஒவ்வொரு பிக்குக்கும் பாயிண்ட் இருக்கிறது, முதல் பிக்குக்கு 3000, கீழே போகப் போகக் குறையும். காலிங்வுட்டில் 250 ஆட்டம் ஆடிய பீட்டர் டைக்கோஸின் மகன் நிக் டைக்கோஸ் 2021-ல் நான்காவது பிக்காக வந்தது இப்படித்தான். 2023-ல் காலிங்வுட் கோப்பை ஜெயித்தபோது அது அவருக்கு இரண்டாவது சீசன்தான்.

எரிச்சல் எங்கே வருகிறது என்றால் பிரிஸ்பேன் விஷயத்தில். அந்த கிளப்புக்கு ஆடிய மார்கஸ் ஆஷ்கிராஃப்டின் மூத்த மகன் வில் 2022-ல் இரண்டாவது பிக். 2024-ல் கோப்பை ஜெயித்த கையோடு தம்பி லெவியையும் ஐந்தாவது பிக்காக எடுத்துக்கொண்டார்கள். கோப்பை ஜெயித்தவன் கடைசியில்தானே நிற்க வேண்டும்? 2025-லும் பிரிஸ்பேன்தான் ஜெயித்தது, 2024, 2025 இரண்டு இறுதி ஆட்டத்திலும் சிறந்த வீரர் வில் ஆஷ்கிராஃப்ட். ஈடு கட்டும்போது கொடுத்துவந்த 20 சதவீதத் தள்ளுபடியை 2025-லிருந்து 10 ஆக்கி, பின்வரிசைப் பிக்குகளின் பாயிண்டையும் குறைத்தார்கள். எனக்கு அந்த விதி இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. குழந்தையிலிருந்து அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வளர்ந்தவன் அதே சட்டையில் ஓடி வருவதைப் பார்க்கிற சந்தோஷம் வேறு எந்த ஆட்டத்தில் கிடைக்கும்? ஆனால் தள்ளுபடியே வேண்டாம், முழு விலை கொடுக்கட்டும்.

எங்கள் கிளப்புக்கு இந்த முறை முதல் ஐம்பதுக்குள் பிக்கே இல்லை. பார்ப்பதில் அர்த்தம் உண்டா?
– ஒரு வாசகர், கூடலூர்

கட்டாயம் பாருங்கள். லாக்கி நீல் 2011-ல் 58-வது பிக், அவர் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை வாங்கினார். டேன் ஸ்வானும் 58-வது பிக்தான், 2011-ல் அதே பதக்கம். எஸ்ஸண்டன் கிளப்பின் ஜாம்பவான் ஜேம்ஸ் ஹெர்ட் 79-வது பிக்!

ரசிகர்கள் போடும் உத்தேசப் பட்டியல்களை எப்படி நம்புவது? எதை வைத்துக் கணிக்கிறார்கள்?
– ஒரு வாசகி, வெலிங்டன்

பையன்கள் ஆடுவது கோட்ஸ் டேலன்ட் லீக் மாதிரியான இளையோர் போட்டிகளில், அப்புறம் மாநிலங்களுக்கு இடையிலான 18 வயதுப் போட்டியில். சீசன் முடிந்ததும் 20 மீட்டர் ஓட்டம், 2 கிலோமீட்டர் ஓட்டம், எகிறும் உயரம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள், கிளப்புகள் கூப்பிட்டுப் பேசியும் பார்க்கின்றன. பட்டியல் போடுகிறவர்களில் பலர் அந்த எண்களையே பிடித்துத் தொங்குகிறார்கள். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறவரை நம்புங்கள், ஓட்ட நேரத்தை மட்டும் எழுதுகிறவரை விட்டுவிடுங்கள். முதல் நாலைந்து பெயர்கள் பெரும்பாலும் சரியாக வரும். அதற்குக் கீழே ஒரு பிட் விழுந்தால் போதும், மொத்த வரிசையும் ஓர் இடம் நகர்ந்துவிடும், அதனால் பத்துக்குக் கீழே எண்ணோடு பெயரைப் பொருத்துவது வீண் வேலை.

டாஸ்மேனியா புது கிளப் வருகிறதாம், அவர்களுக்கே எல்லா நல்ல பிக்கும் போய்விடும் என்று மாமா பயப்படுகிறார். நிஜமா?
– ஒரு பள்ளி மாணவர், கேத்தி

தம்பி, 2028-ல் டாஸ்மேனியா டெவில்ஸ் 19-வது கிளப்பாக வருகிறது. நம் மலையில் 1843 வாக்கில் வந்து இறங்கிய கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) சொந்த ஊரும் அந்தத் தீவுதான், அதனால் எனக்கு அந்த கிளப் மேல் ஒரு தனிப் பாசம் இருக்கிறது. புது கிளப்புக்குச் சலுகை கொடுக்காமல் ஆரம்பிக்க முடியாது, மாமா சொல்வது அந்த அளவுக்கு உண்மை. ஆனால் 2011-ல் ஆட வந்த கோல்ட் கோஸ்டுக்கும் முன்வரிசைப் பிக்குகளை நிறையக் கொடுத்தார்கள், அவர்கள் முதல்முறை ஃபைனல்ஸுக்குள் நுழைந்தது 2025-ல்தான். 2012-ல் வந்த ஜி.டபிள்யூ.எஸ். 2019 இறுதி ஆட்டம் வரை போய் ரிச்மண்டிடம் 89 பாயிண்டில் தோற்றது. அன்று ரிச்மண்டுக்காக முதல் ஆட்டம் ஆடியவர் மார்லியன் பிக்கெட். சிறைக்குப் போய் வந்து, 27 வயதில், சீசன் நடுவில் நடக்கிற சின்ன டிராஃப்டில் கிடைத்தவர். மாமாவிடம் இதைச் சொல்.

கடைசியாக நேராகவே கேட்கிறேன். காலிங்வுட் யாரை எடுக்க வேண்டும்? உங்கள் கணிப்பு என்ன?
– அதே வாசகர், குன்னூர்

பெயர் சொல்ல மாட்டேன். அந்தப் பையன்களில் சிலருக்கு இன்னும் 18 முடியவில்லை, பத்திரிகையில் பெயர் போட்டு எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டு, பிற்பாடு தேறவில்லை என்று பேச எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் எப்படிப்பட்ட பையன் என்று சொல்லலாம். 2005-ல் ஐந்தாவது பிக்காக வந்த ஸ்காட் பெண்டில்பரி 400 ஆட்டம் தாண்டியும் நடுக்களத்தில் நிற்கிறார். கூடைப்பந்து உதவித்தொகையை விட்டுவிட்டு ஃபூட்டிக்கு வந்தவர் அவர், கூட்டத்துக்கு நடுவிலும் பந்தை வைத்துக்கொண்டு நிதானமாக நின்று பார்ப்பார். அவர் இன்னும் சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஒரு நடுக்களப் பையன் வந்துவிட வேண்டும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பந்தை யாரிடம் கொடுப்பது என்று தெரிந்தவனாக இருக்கட்டும். இருக்கிற பிக்கைக் கொடுத்து இன்னொரு முப்பது வயதுக்காரரை வாங்கினால் உங்கள் அண்ணன் கோபப்படுவது நியாயம்தான், நானும் அவர் பக்கம்.