திறந்த மூல டேட்டாபேஸ் திட்டம் ஒன்று ஆரோக்கியமாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? கோடு வைக்கும் கிட்ஹப் தளத்தில் பார்ப்பவர்கள் போடும் நட்சத்திரமும், கமிட் (கோடில் பதியும் மாற்றம்) எண்ணிக்கையும் போதுமா?

போதாது.

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. அலுவலகத்தில் யாரோ ஒரு புது டேட்டாபேஸைக் காட்டி, இத்தனை நட்சத்திரம், வாரத்துக்கு இத்தனை கமிட் என்று அடுக்கியிருப்பார். நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியது மட்டும் நீங்கள். வெறும் ஆர்வத்தில்தான் கேட்டீர்கள் என்றால் மன்னிக்கவும், இந்த விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை.

என் அளவுகோல் ஒன்றுதான். வெளி ஆள் அனுப்பும் பேட்சை, அதாவது கோடுத் திருத்தத்தை, அந்தத் திட்டம் எப்படி மறுக்கிறது என்று பாருங்கள். ஏற்றுக்கொண்ட கதைகளை எல்லோரும் விளம்பரப்படுத்துவார்கள். "இது வேண்டாம், காரணம் இது" என்று பொறுமையாக எழுத அங்கே ஆள் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் முழுக்க ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. பெயர் வேண்டாம். ரெப்ளிகாவை (முதன்மை சர்வரிலிருந்து மாற்றங்களை இழுத்துக்கொள்ளும் நகலை) ரீஸ்டார்ட் செய்தால், விட்ட இடத்தை மறந்துவிட்டு எங்கோ பின்னாலிருந்து இழுக்க ஆரம்பிக்கும் ஒரு பக். காரணத்தைத் தேடிப் பிடித்து, திருத்தமும் டெஸ்டும் எழுதி, அவர்கள் கேட்ட ஒப்பந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மனிதர் யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு தானியங்கி பாட் வந்து, நீண்ட நாளாக அசைவில்லாததால் மூடப்படுகிறது என்று எழுதிவிட்டுப் போனது. அசையாமல் இருந்தது நானா? அந்த மாதங்களில் கமிட் வரைபடம் என்னவோ பச்சைப் பசேலென்றுதான் இருந்தது. எல்லாம் நிறுவனத்துக்குள்ளிருந்து வந்தவை. அப்புறம் கோடை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் லைசென்ஸ் மாறியது, எங்கள் சட்டப் பிரிவு விழித்துக்கொண்டது, நாங்கள் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு திறந்த மூல டேட்டாபேஸுக்குக் குடிபெயர்ந்தோம்.

நிறுவனம் பின்னால் இருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. சம்பளம் கொடுக்க யாராவது வேண்டும். ஆனால் அந்த நிறுவனம் மனம் மாறினால் என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள். மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ் 2018இல் லைசென்ஸை மாற்றியது. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் 2024 மார்ச்சில் மாற்றியபோது, சில நாட்களிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் வால்கீ என்ற ஃபோர்க் (அதே கோடிலிருந்து பிரிந்த தனித் திட்டம்) கிளம்பியது. வெளியே கோடு தெரிந்த ஆட்கள் இருந்ததால் அது முடிந்தது. அடுத்த வருடமே ரெடிஸ் ஏஜிபிஎல் என்ற திறந்த மூல லைசென்ஸையும் சேர்த்துக்கொண்டு திறந்த மூலப் பக்கம் திரும்பியது. ரீதிங்க்டிபி என்ற டேட்டாபேஸின் கதை வேறு. 2016இல் நிறுவனமே மூடப்பட்டது. மறுவருடம் அதன் உரிமையை 25,000 டாலருக்கு ஒரு அறக்கட்டளை வாங்கி, அப்பாச்சி லைசென்ஸில் பொதுவில் விட்டது. கோடு பிழைத்தது, பழைய வேகம் திரும்பவில்லை.

சரி, போஸ்ட்கிரெஸுக்கு வருகிறேன். பக்தன் கிளம்பிவிட்டான் என்று கருத்தில் எழுத வேண்டாம், குறையும் சொல்லத்தான் போகிறேன்.

அங்கே கிட்ஹப் வெறும் கண்ணாடிப் பிரதி. புல் ரெக்வெஸ்ட் (கிட்ஹப் வழியாகத் திருத்தம் அனுப்பும் முறை) எடுக்க மாட்டார்கள். பேட்சை ஹேக்கர்ஸ் என்ற டெவலப்பர்களின் மெயிலிங் லிஸ்டுக்கு அனுப்பி, கமிட்ஃபெஸ்டில் (பேட்சுகளை ரிவ்யூ செய்யும் சுற்றில்) பதிய வேண்டும். நான் ஒரு பிழைச் செய்தியைத் தெளிவாக்கி, கூடவே ஒரு புது ஆப்ஷனும் சேர்த்து அனுப்பினேன். முன்பின் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். ஆப்ஷன் வேண்டாம், இருக்கும் வசதியை வைத்தே இதைச் செய்யலாம், ஒருமுறை சேர்த்தால் வரும் பதிப்புகள் அத்தனையிலும் நாம்தான் சுமக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருட ஆதரவு என்பது அவர்கள் வழக்கம், அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. பிழைச் செய்தியையும் துண்டு துண்டாக ஒட்டாதீர்கள், மொழிபெயர்ப்பவர்களால் முழு வாக்கியமாக எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். பாதி பேட்ச் போய்விட்டது. எனக்குக் கோபமே வரவில்லை. முந்தைய இடத்தில் கிடைத்த மௌனத்தோடு ஒப்பிட்டால் இது ராஜ மரியாதை.

இன்னொன்று, பேட்ச் அனுப்புகிறவர் அதே அளவு சிரமமுள்ள இன்னொருவர் பேட்சையாவது ரிவ்யூ செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ரிவ்யூவில்தான் கோடின் அந்தப் பகுதியை ஒழுங்காகப் படித்தேன்.

2020இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸை வைத்துத் தொழில் செய்யும் இடிபி நிறுவனம், அதே தொழிலில் இருந்த செகண்ட்குவாட்ரன்டை வாங்கியபோது, திட்டத்தை வழிநடத்தும் ஐந்து பேர் கொண்ட கோர் டீமில் மூன்று பேர் ஒரே நிறுவனத்து ஆட்களாகிவிட்டார்கள். பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வரக்கூடாது என்பது அங்கே எழுதாத விதி. சில வாரங்களில் வெளியிலிருந்து இருவரைச் சேர்த்து ஏழாக்கினார்கள். யாரையும் விரட்டவில்லை, சண்டையும் இல்லை. உங்கள் புது டேட்டாபேஸில் இப்படி ஒன்று நடந்தால் யார் கவலைப்படுவார்கள்?

குறைக்கும் பஞ்சமில்லை. ஒவ்வொரு கமிட்ஃபெஸ்டிலும் நூற்றுக்கணக்கான பேட்சுகள் நிற்கும், பல அடுத்ததற்குத் தள்ளப்படும், சில தள்ளப்பட்டே செத்துப்போகும். எழுத ஆள் இருக்கிறது, ரிவ்யூ செய்யத்தான் ஆள் இல்லை. 2025இல் 18ஆம் பதிப்பில் வந்த அசின்க் ஐ/ஓ (டிஸ்கிலிருந்து தரவு வரும்வரை சும்மா காத்திராத வசதி) பல வருட உழைப்பு. வேகம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் அங்கே ஏமாற்றம் உண்டு.

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் வெளி ஆட்களின் பேட்சையே எடுப்பதில்லையே, அது நோயாளியா என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. எடுக்க மாட்டோம் என்று முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள், 2050 வரை ஆதரவு தருவதே நோக்கம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.  அதுவும் காரணத்தோடு வரும் மறுப்புதான். கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஆளே இல்லாமல் இருப்பதுதான் எனக்கு ஆகாது.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் கொட்டிவிடுகிறேன். போஸ்ட்கிரெஸில், பேட்சை ஏற்றுக் கமிட் செய்பவர் பெயரில்தான் பதிவு விழும், எழுதியவர் பெயர் குறிப்பில் ஒரு வரி. போன வேலைக்கான நேர்காணலில் ஒருவர் என் கிட்ஹப் பக்கத்தைத் திறந்து, கமிட் செய்த நாளுக்கு விழும் பச்சைக் கட்டமே இல்லையே, திறந்த மூலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். விளக்கினேன். தலையாட்டிவிட்டு, பைனரி ட்ரீயைத் தலைகீழாக்கும் வழக்கமான நேர்காணல் கணக்கைப் போடச் சொன்னார். வருடக்கணக்கில் மற்றவர்கள் பேட்சைப் படித்துக் கொடுப்பவர்களுக்கு எந்தக் கட்டமும் கிடையாது. இப்படி மதிப்பெண் போட்டால் ரிவ்யூவுக்கு ஆள் எங்கிருந்து வரும்?

நீங்கள் பார்க்கும் டேட்டாபேஸின் பெயரைக் கருத்தில் போடுங்கள். அங்கே சமீபத்தில் மூடப்பட்ட புல் ரெக்வெஸ்டுகளில், மூடியது மனிதரா பாட்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.