பழைய படம், பழகிய தெரு: வாசகர் கேள்வி – பதில்

பழைய புகைப்படங்களை வைத்து ஊர் வரலாற்றைத் தேடுவது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருந்தன. பெரும்பாலும் பினாங்கு, ஒன்று மட்டும் பத்துமலை. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

தாத்தாவின் பெட்டியில் ஒரு தெருப்படம் கிடைத்தது. ஜார்ஜ் டவுன் என்று தெரிகிறது. எந்த வருடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

வருடத்தைத் தேடாதீர்கள், இரண்டு எல்லைகளைத் தேடுங்கள். இதற்கு முன் எடுத்திருக்க முடியாது என்பது ஒன்று, இதற்குப் பின் எடுத்திருக்க முடியாது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே பத்து வருடம் அகப்பட்டால் நல்ல வேட்டை.

முதலில் தலைக்கு மேல் பாருங்கள். மின்சார ட்ராமுக்கு ஒரு கம்பி போதும், மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். ட்ராலி பஸ் ரப்பர் சக்கரத்தில் ஓடுவது. தண்டவாளம் இல்லாததால் அதற்கு ஜோடிக் கம்பி வேண்டும். பினாங்கில் மின்சார ட்ராம் 1906 முதல் 1936 வரை ஓடியது. ட்ராலி பஸ் 1925-இல் வந்து 1961-இல் நின்றது. ஆக, சாலை நடுவே ஜோடிக் கம்பி தெரிந்தால் படம் 1925-க்கு முந்தியதல்ல. தண்டவாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ட்ராம் நின்ற பிறகும் தண்டவாளம் சாலையில் கிடந்த இடங்கள் உண்டு. தெருவோரத் தந்திக் கம்பியையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வண்டிக்கான கம்பி சாலைக்கு நேர்மேலே, குறுக்குக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்து வானம். கொம்தார் கோபுரக் கட்டடத்தின் வேலை 1974-இல் தொடங்கி எண்பதுகளின் நடுவில் முடிந்தது. அரைகுறையாக நிற்கும் கொம்தார் தெரிந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. லெபோ பந்தாய் முனையில் விக்டோரியா மணிக்கூண்டு இருக்கிறதா? அது 1902-இல் முடிந்தது. மகாராணி ஆண்ட அறுபது வருடத்துக்கு அறுபது அடி என்று கட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் மகாராணியே போய்ச் சேர்ந்துவிட்டார். லெபோ பந்தாய் ஒரு காலத்தில் பெயருக்கேற்ற கடற்கரைத் தெருதான். 1880களில் கடலைத் தூர்க்கத் தொடங்கிய பிறகுதான் வெல்ட் கீ என்ற கரையோரச் சாலை உருவானது. எனவே ‘காட்’ என்று தொடங்கும் தெருக்கள், அதாவது காட் லெபோ சூலியா, காட் லெபோ பசார் போன்றவை, எல்லாம் தூர்த்த நிலம். அங்கே நிற்கும் கட்டடத்துக்கு அதற்கு முந்திய வயது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியாகத்தான் ஆட்களின் உடை, கார் மாடல். சட்டைக் காலர் நாகரிகம் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு வந்து சேர்ந்த கதை ஆளுக்கு ஆள் மாறும். கார் பத்துப் பதினைந்து வருடம் ஓடியிருக்கும். இவை முன் எல்லையைக் கொடுக்குமே தவிரப் பின் எல்லையைக் கொடுக்காது.

படத்தின் கீழ் ‘பினாங்கு ஸ்திரீட்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. ஜாலான் பினாங்கு முழுக்க நடந்துவிட்டேன், அப்படி ஓர் இடமே இல்லையே?
– வாசகர், பட்டர்வர்த்

நீங்கள் நடந்தது வேறு தெரு. பினாங்கு ஸ்திரீட் இன்றைய லெபோ பினாங்கு. செட்டியார்களின் கோவில் வீடு இருக்கும் தெரு. பினாங்கு ரோடுதான் ஜாலான் பினாங்கு. தமிழில் இரண்டையும் பினாங்கு ரோடு என்று சொல்லிப் பழகிவிட்டதால் வரும் சிக்கல் இது. இதேபோல் பிட் ஸ்திரீட் இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். நார்தம் ரோடு இன்று ஜாலான் சுல்தான் அகமது ஷா. நம் ஆட்கள் கடைத்தெரு என்பது லெபோ பசாரை. அதைச் சௌராஸ்தா மார்க்கெட்டோடு சேர்த்துத் தேடினால் கிடைக்காது.

அச்சிட்ட விளக்கத்தையும் முழுதாக நம்பாதீர்கள். தபாலட்டைகளை வெளியூரில் அச்சடித்தவர்கள் சிங்கப்பூர்ப் படத்துக்குப் பினாங்கு என்று போட்டதும் உண்டு, இடம் வலம் மாற்றி அச்சடித்ததும் உண்டு. பெயர்ப்பலகை எழுத்து இடவலம் மாறி இருக்கிறதா, வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றனவா என்று பாருங்கள். இருந்தால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டுத்தான் மேலே யோசிக்க வேண்டும்.

பழைய தபாலட்டையின் பின்பக்கத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

முன்பக்கத்தைவிட அதிகம். நடுவே கோடு இல்லாமல் முகவரிக்கு மட்டும் இடம் விட்டிருந்தால் அது 1906 வாக்குக்கு முந்திய அட்டை. அப்போதெல்லாம் சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுதினார்கள். கோடு போட்டுப் பிரித்த அட்டை பிந்தியது.

தபால் தலையில் யார் முகம்? விக்டோரியா என்றால் 1902-க்கு முன் வெளியான தலை. எட்வர்ட் 1902 முதல், ஐந்தாம் ஜார்ஜ் 1912 முதல், ஆறாம் ஜார்ஜ் 1937 முதல். தலையின் மேல் 2602 என்று அடித்திருந்தால் அது ஜப்பானியர் கணக்கில் 1942. ‘பிஎம்ஏ மலாயா’ என்று அடித்தது போர் முடிந்த பிறகான ராணுவ நிர்வாகக் காலத்தில் வந்தது.

ஆனால் அஞ்சலகத் தேதி முத்திரை சொல்வது அட்டை தபாலில் போன நாளை. படம் எடுத்த நாள் அதற்கு முந்தியது, சில சமயம் பல வருடம் முந்தியது. 1880களிலிருந்து பினாங்கில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜெர்மானியர் கௌல்ஃபுஸ் போன்றவர்களின் படங்கள் திரும்பத் திரும்ப அச்சாயின. எனவே முத்திரையைப் பின் எல்லையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி அட்டையின் முன்பக்கம் வையுங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது. புழு நெளிந்ததுபோல் ஒழுங்கில்லாத நெசவு தெரிந்தால் கொலோடைப் என்ற பழைய முறை அச்சு. எதுவும் இல்லாமல் சாம்பல் நிறம் சீராகக் கரைந்து போனால் அசல் புகைப்படக் காகிதம். இதைப் பார்க்காமல் பலர் ஸ்கேனரோடு மல்லுக்கட்டுகிறார்கள். புள்ளி அச்சில் கடைப்பலகை எழுத்தைப் படிக்க 2400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) வைத்தாலும் புள்ளிதான் பெரிதாகும். அசல் காகிதமாக இருந்தால் ‘மளிகை’ என்ற எழுத்தின் கீழே உரிமையாளரின் விலாசம்கூட எழும்பி வரும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு ரத ஊர்வலப் படம் இருக்கிறது. சிலர் தைப்பூசம் என்கிறார்கள், சிலர் சித்திரா பௌர்ணமி என்கிறார்கள். தீர்க்க வழி உண்டா?
– வாசகி, ஜார்ஜ் டவுன்

உண்டு, வெயில் அடித்திருந்தால். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரை பாகை வடக்கே இருப்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் காலையிலிருந்து மாலை வரை தெற்கே சாய்ந்துதான் போகும். நிழல் எப்போதும் வடக்குப் பக்கமாகவே விழும். சித்திரா பௌர்ணமி ஏப்ரல் நடுவிலிருந்து மே வரைக்குள் வரும். அப்போது சூரியன் வடக்கே, நிழல் தெற்கே.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். படத்தில் உள்ள தெருவையும் கேமரா பார்க்கும் திசையையும் ஒரு கட்டடத்தை வைத்து உறுதி செய்யுங்கள். வரைபடத்தில் அந்தத் தெரு எந்தத் திசையில் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஜார்ஜ் டவுன் தெருக்கள் நேர் வடக்கு தெற்காக இல்லை, எனவே கண்மதிப்பு வேண்டாம். பிறகு ஒரு கம்பத்தின் நிழலை அந்த வரைபடத்தில் கோடாக வரையுங்கள். கோடு தெற்கே சாய்ந்தால் தைப்பூசம் இல்லை. வடக்கே சாய்ந்தால் சித்திரா பௌர்ணமி இல்லை, தைப்பூசத்துக்கு இடம் உண்டு. மேகமூட்டமாக இருந்தாலோ இரவு ஊர்வலமாக இருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது.

ரதத்தையும் கவனியுங்கள். நகரத்தாரின் வெள்ளி ரதம் 1894-இல் வந்தது, இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதம் 2017-இல் முதன்முதலாகப் புறப்பட்டது.

கடைப் பலகையில் ‘மு. ரூ.’ என்று மட்டும் தெரிகிறது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், பிறை

அந்தக் காலத்து ஆங்கில ஆவணங்களில் இந்தத் தலைப்பெழுத்துகளை எழுத்தின் பெயராகவே எழுதினார்கள்: மூனா, ரூனா, கானா, பானா. ஆகவே ஆங்கிலத்தில் ஓரெழுத்தாகத் தேடினால் ஒன்றும் வராது. ‘மூனா ரூனா’ என்று முழுதாக, ஓ இரண்டு போட்டும் ‘யு’ போட்டும், ‘ன’வை ஒற்றையாகவும் இரட்டையாகவும் எழுதித் தேடிப் பாருங்கள். ஆண்டுதோறும் வந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டைரக்டரிகளில் வியாபாரிகளின் பெயர்கள் உண்டு. ஒரு கடை எந்த வருட டைரக்டரியில் முதலில் வருகிறது, எதில் காணாமல் போகிறது என்று பார்த்தால் படத்துக்கு இரண்டு எல்லையும் கிடைத்துவிடும்.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ, பினாங்கு கெசட் ஆகிய பழைய பத்திரிகைகளைத் தேடலாம். இயந்திரம் படித்த எழுத்து என்பதால் பிழை மலிந்திருக்கும். கடைப் பெயர் கிடைக்காவிட்டால் தெருப் பெயரையும் தொழிலையும் போடுங்கள். ஏல அறிவிப்பு, தீ விபத்துச் செய்தி, கோர்ட் வழக்கு இவற்றில்தான் சின்னக் கடைகள் தலைகாட்டும். கதவு எண்ணை மட்டும் நம்பிப் போகாதீர்கள், இடையில் எண் மாறியிருக்கலாம்.

பழைய ஆல்பத்தில் படங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. எப்படி எடுப்பது, எப்படி ஸ்கேன் செய்வது?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

எழுபது, எண்பதுகளில் எல்லா வீட்டிலும் இருந்த பசைப் பக்க ஆல்பமாக இருக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாள், கீழே பசைக்கோடு. எடுப்பதற்கு முன்னால் பக்கத்தை அப்படியே ஒரு படம் எடுத்துவிடுங்கள். கிழிந்தாலும் அதாவது மிஞ்சும், எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் மிஞ்சும். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை ஒரு மூலையில் நுழைத்து, தாளோடு ஒட்டியபடி ரம்பம்போல் இழுத்து வாருங்கள். விரலால் மூலையைத் தூக்கினால் படம் மடியும், மடிந்த இடத்தில் மேற்பூச்சு வெடிக்கும். நூல் நகராவிட்டால் நிறுத்திவிட்டு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிய படத்தையும் பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

தபாலட்டை அளவுக்கு 600 டிபிஐ போதும்: மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம் என்றால் 2100-க்கு 3300 பிக்சல், நிறத்தோடு சேமித்தால் சுமார் 20 எம்பி. தீப்பெட்டி அளவுக் குட்டிப் படங்களுக்கு 1200, நெகட்டிவுக்கு 2400-க்கு மேல். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். மங்கிய மை எழுத்தும் மஞ்சள் கறையும் வண்ணத்தில்தான் பிரிந்து தெரியும். தானாகச் சரிசெய்யும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிஃப் கோப்பாக வையுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள், காலியாக இருந்தாலும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சைதான் பெரிய எதிரி. பிவிசி உறை வேண்டாம், பாலிப்ரோப்பிலீன் உறை வாங்குங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். நெகட்டிவ் பெட்டியைத் திறந்தால் புளிக்காடி வாடை அடிக்கிறதா? ஃபிலிமின் அசிடேட் பிளாஸ்டிக் சிதைகிறது என்று பொருள். அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் செயலியால் நிறம் கொடுக்கலாமா?
– வாசகர், நிபோங் திபால்

கல்யாண வீட்டில் மாட்டக் கொடுக்கலாம். ஆய்வுக்கு வேண்டாம். புடவை என்ன நிறம் என்று செயலிக்குத் தெரியாது. முகத்தையும் பலகை எழுத்தையும் தெளிவாக்குகிறேன் என்று இல்லாத மூக்கையும் இல்லாத எழுத்தையும் வரைந்து வைக்கும்.

பத்துமலைப் படங்களுக்கு விரைவான அடையாளம் ஏதாவது?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

படிக்கட்டையும் சிலையையும் பாருங்கள். மரப்படி 1920-இல் போட்டார்கள், கான்கிரீட் படி அதற்குப் பிறகு. முருகன் சிலை 2006 முதல், படிகளுக்கு வண்ணம் 2018 முதல்.

அன்று எடுத்த அதே இடத்தில் நின்று இன்று ஒரு படம் எடுக்க ஆசை. எவ்வளவு முயன்றாலும் பொருந்தவில்லை.
– வாசகர், ஜெலுத்தோங்

ஸூமை மாற்றிப் பார்த்திருப்பீர்கள். ஸூம் படத்தை வெட்டும், பார்வையை மாற்றாது. நிற்கும் இடம் சரியாக இருந்தால்தான் பொருந்தும்.

பழைய படத்தை ஏ4 தாளில் அச்செடுங்கள். இன்னும் இடிக்காமல் இருக்கும் இரண்டு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: அருகில் ஒன்று, ஐந்தடி நடைபாதைத் தூண் மாதிரி, தூரத்தில் ஒன்று, கூரை முனையோ பள்ளிவாசல் மினாராவோ. படத்தில் உள்ளதைவிடத் தூரப்பொருள் தூணுக்கு இடப்பக்கம் தள்ளித் தெரிந்தால் நீங்கள் வலப்பக்கம் நகர வேண்டும். வலப்பக்கம் தெரிந்தால் இடப்பக்கம். அது பொருந்திய பிறகு இரண்டின் உயர விகிதத்தைப் பாருங்கள். படத்தைவிடத் தூண் பெரிதாகத் தெரிந்தால் பின்னால் போங்கள். இப்படி இரண்டு மூன்று முறை மாறி மாறிச் செய்தால் ஓரடிக்குள் வந்துவிடலாம்.

உயரம்தான் பலரைக் கவிழ்ப்பது. தெருவின் இரு பக்கக் கூரை விளிம்புகளையும் பென்சிலால் நீட்டிப் பாருங்கள். அவை சந்திக்கும் புள்ளி கேமராவின் உயரம். அந்தப் புள்ளி நடந்து போகிறவர்களின் தலைக்கு மேலே இருந்தால் படத்தை மாடி ஜன்னலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். லெபோ பந்தாய், லெபோ சூலியா பழைய படங்களில் இது சர்வசாதாரணம். எதிர்வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியதுதான்.

நிழலும் பொருந்த வேண்டுமென்றால் மாதத்தையும் நேரத்தையும் பாருங்கள். போருக்குப் பின் எடுத்த படத்தில் மணிக்கூண்டு ஒன்பது காட்டினால் இன்று ஒன்பதரைக்குப் போக வேண்டும். 1982 புத்தாண்டில் தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். ஞாயிறு காலையாக இருந்தால் நல்லது, வரிசையாக நிற்கும் கார்கள் தூண்களை மறைக்காது.