பேஸ்லிப்பில் பிஆர் என்று இருக்கிறது, என் வரிக் குறியீடு தவறா?

கேள்வி: வணக்கம் சார். கணவரின் விசாவில் டிபெண்டண்டாக இங்கிலாந்து வந்தேன், லெஸ்டரில் இருக்கிறோம். முதலில் ஒரு வேர்ஹவுஸில், இத்தனை மணிநேரம் வேலை என்ற உறுதி இல்லாத ஜீரோ ஹவர் ஒப்பந்தத்தில் வேலை, மாதம் 600 பவுண்டு வரும். ஜூன் முதல் ஒரு முதியோர் இல்லத்தில் முழுநேர வேலை, சம்பளம் 2,000. அதில் மாதம் 400 பவுண்டு வருமான வரியாகப் போகிறது. டாக்ஸ் கோட் என்ற இடத்தில் பிஆர் என்று போட்டிருக்கிறது. கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதே சம்பளம், அவளுக்கு 190 பவுண்டுதான் பிடிக்கிறார்கள். மேனேஜரிடம் கேட்டால் நாங்கள் மாற்ற முடியாது என்கிறார். பழைய இடத்தில், வேலையை விடும்போது தரும் பி45 சீட்டைக் கேட்டு மெயில் போட்டேன், பதிலே இல்லை. தெரிந்தவர் ஒருவர் 30 சதவீதம் கொடுத்தால் பணத்தைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்கிறார். விசா புதுப்பிக்கும்போது இதனால் சிக்கல் வருமா? நான்கு மாதம் ஆகிவிட்டது.

பதில்: முதலில் அந்த 30 சதவீதக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்களே ஒரு போன் காலில் இலவசமாக முடிக்கக்கூடிய வேலை இது. இப்படிப்பட்ட ஆட்களில் சிலர் உங்கள் பெயரில் இல்லாத செலவுகளை எல்லாம் காட்டிப் பணத்தை வாங்கி, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு வரித்துறை அதைத் திருப்பிக் கேட்கும்போது கேட்பது உங்களைத்தான், அவரை அல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம். டாக்ஸ் கோட் என்பது எச்எம்ஆர்சி, அதாவது பிரிட்டிஷ் வரித்துறை, உங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதன் சுருக்கெழுத்து, அவ்வளவுதான். ஒருவர் ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரியில்லாமல் சம்பாதிக்கலாம், 2021 ஏப்ரலில் இருந்து இந்தத் தொகைதான். கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டு எல் என்ற எழுத்தைச் சேர்த்தால் 1257எல். உங்கள் தோழியின் சம்பளச் சீட்டில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும். பிஆர் என்றால், இந்த வேலையில் வரியில்லாத பங்கு ஒன்றுமே இல்லை, முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடி என்று அர்த்தம். 2,000-த்தில் 20 சதவீதம் 400. தோழிக்கு மாதம் 1,047 பவுண்டு சொச்சம் கழித்து மீதிக்குத்தான் வரி, அதனால் 190. நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும், சீட்டை ஒப்பிட்டுப் பாருங்கள், டாக்ஸ் கோட் அதைத் தொடாது.

ஆனால் பிஆர் என்று இருந்தாலே தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வேலை பார்ப்பவருக்கு ஒன்றில் 1257எல், இன்னொன்றில் பிஆர் என்று இருப்பதுதான் சாதாரணமாகச் சரி. அந்த 12,570 ஆளுக்குத்தான், வேலைக்கு ஒன்று கிடையாது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, எனக்கு இரண்டு வேலை இருப்பதாக வரித்துறை ஏன் நினைக்கிறது என்பதுதான். அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வேர்ஹவுஸில் இருந்து முறைப்படி விலகியதாக நீங்கள் எழுதவில்லை. ஜீரோ ஹவர் வேலையில் பெரும்பாலும் இப்படித்தான், யாரும் ராஜினாமா செய்வதில்லை, யாரும் வேலையை விட்டு நீக்குவதும் இல்லை, ரோட்டா என்ற ஷிஃப்ட் பட்டியலில் பெயர் வராமல் போகும், அவ்வளவுதான். அவர்கள் கணக்கில் நீங்கள் இன்னும் ஊழியர், அதனால் பி45 வரவில்லை. உங்கள் 12,570 முழுக்க, ஒரு பென்னி சம்பளம் வராத அந்த வேலையின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் நினைவுபடுத்திப் பாருங்கள். முதியோர் இல்லத்தில் சேர்ந்த அன்று ஸ்டார்டர் செக்லிஸ்ட் என்று ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள், அதில் ஏ, பி, சி என்று மூன்று வாசகங்கள். சி என்பது எனக்கு வேறு வேலையோ பென்ஷனோ இருக்கிறது என்ற வாசகம். பழைய இடத்தில் சொல்லிக்கொள்ளாமல் வந்ததால் நேர்மையாக இருப்போம் என்று நீங்கள் சி-யை டிக் செய்திருந்தால், பிஆர் அங்கேதான் பிறந்தது. இந்த வரியாண்டில் முன்பு வேறு வேலை இருந்தது, இப்போது இது மட்டும்தான் என்று சொல்லும் பி-யைத் தேர்ந்திருந்தால் 1257எல் எம்1, அதாவது வரியில்லாத பங்கை அந்தந்த மாதத்துக்கு மட்டும் கழிக்கும் குறியீடு, வந்திருக்கும். படிவமே கொடுக்காமல் விட்டவர்களுக்கு 0டி என்று ஒன்று வரும், அதிலும் வரியில்லாத பங்கு கிடையாது.

உங்கள் மேனேஜர் சொன்னது பாதி உண்மை. முதலாளி தன் இஷ்டத்துக்குக் குறியீட்டை மாற்றக்கூடாது, எச்எம்ஆர்சி அனுப்பும் குறியீட்டைத்தான் போட வேண்டும், சம்பளத்திலேயே வரி பிடிக்கும் பிஏஒய்இ முறைக்கான 2003-ஆம் ஆண்டு விதிமுறைகள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் குறியீடு தவறு என்று ஆட்சேபிக்கும் உரிமை அதே விதிமுறைகளில் உங்களுக்கு உண்டு, தீரவில்லை என்றால் தீர்ப்பாயம் வரை போகலாம். நடைமுறையில் யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வேர்ஹவுஸுக்கு ஒரு மெயில் போடுங்கள், இன்ன தேதியோடு விலகிக்கொள்கிறேன், பி45 அனுப்புங்கள் என்று இரண்டு வரி போதும். அதோடு, பார்த்த மணிநேரத்துக்குச் சேர்ந்திருக்கும் விடுமுறைச் சம்பளம் பாக்கி இருந்தால் அதையும் கேளுங்கள், விலகும்போது அதைக் கொடுத்தே ஆக வேண்டும், ஜீரோ ஹவர் ஆளுக்கும் அந்த உரிமை உண்டு. கேட்காதவர்களுக்குக் கொடுப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்புறம் கவ்.யுகே என்ற அரசுத் தளத்திலோ எச்எம்ஆர்சி ஆப்பிலோ உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள், அதில் வேர்ஹவுஸ் இன்னும் நடப்பு வேலையாக நின்றால் முடிந்த தேதியை நீங்களே பதியலாம். ஆன்லைன் சரிவராவிட்டால் 0300 200 3300 எண்ணுக்குப் பேசுங்கள், காத்திருக்க நேரம் ஆகும், நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணையும் இரண்டு இடத்துப் பேஸ்லிப்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பி45 வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை, அது இல்லாமலே அவர்கள் பதிவைத் திருத்துவார்கள்.

திருத்தியதும் உங்களுக்கும் முதலாளிக்கும் புதிய குறியீடு போகும். 1257எல் என்று மட்டும் வந்தால் நல்லது, ஏனென்றால் அது வரியாண்டு தொடங்கும் ஏப்ரல் 6 முதல் மொத்தமாகக் கூட்டிக் கணக்குப் போடும் குறியீடு. பின்னால் எம்1, டபிள்யூ1 அல்லது எக்ஸ் ஒட்டியிருந்தால் அந்தந்த மாதத்தை மட்டுமே பார்க்கும், பழையதைத் திருப்பித் தராது. அதைக் கண்டால் உடனே கேளுங்கள், கூட்டுக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் 600, வரி பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை 8,000. மொத்தம் 9,200. ஆறு மாதத்துக்கான வரியில்லாப் பங்கு 6,285, மீதி 2,915, அதற்கு 20 சதவீதம் 583 பவுண்டு. நீங்கள் கட்டியது 1,600. ஆக 1,017 பவுண்டு கூடுதல். மாதத்துக்கு 210 வீதம் நான்கு மாதம், 840-தானே வர வேண்டும் என்று நினைப்பீர்கள், ஏப்ரலிலும் மேயிலும் நீங்கள் பயன்படுத்தாமல் விட்ட பங்கும் இதில் சேர்கிறது. அக்டோபர் சம்பளத்துக்குள் குறியீடு மாறிவிட்டால் அந்த மாதம் வரி பிடிக்கவே மாட்டார்கள், மேலே 826 பவுண்டு போல சம்பளத்தோடு சேர்ந்து வரும். தனியாக விண்ணப்பம் எதுவும் கிடையாது. அந்தத் தெரிந்தவருக்கு 300 பவுண்டுக்கு மேல் போயிருக்கும்!

மார்ச் சம்பளம் வரை குறியீடு மாறாவிட்டாலும் பணம் போய்விடாது. வரியாண்டு முடிந்தபின் எச்எம்ஆர்சி பி800 என்ற கணக்குக் கடிதம் அனுப்பும், அதிலிருந்து வாங்கலாம். வரியாண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை கேட்க உரிமை உண்டு, 2022-23 ஆண்டுக்கு 2027 ஏப்ரல் 5 கடைசி நாள். பணம் திரும்ப வருகிறது, இந்த லிங்கை அழுத்துங்கள் என்று மெசேஜ் வந்தால் மட்டும் அழித்துவிடுங்கள், அது எச்எம்ஆர்சி அல்ல.

விசா பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் கூடுதலாகக் கட்டியவர், குறைவாகக் கட்டியவர் அல்ல, இதில் உங்கள் மேல் குற்றம் காண ஒன்றும் இல்லை. பேஸ்லிப், குறியீட்டுக் கடிதம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது இதற்கு நேர்மாறான நிலைக்குத்தான். என்னிடம் வந்த ஒருவருக்கு இரண்டு வேலை, ஒவ்வொன்றிலும் 1,300 பவுண்டு, இரண்டிலும் 1257எல். கையில் நிறைய வருகிறதே என்று அவருக்குச் சந்தோஷம். ஒரே பங்கு இரண்டு முறை கழிந்ததால் ஆண்டுக்கு 2,514 பவுண்டு வரி குறைவு, இரண்டு ஆண்டில் 5,028. கடிதம் வந்தபோது மனிதர் ஆடிப்போய்விட்டார். சிறிய பாக்கி, 3,000 பவுண்டுக்குக் கீழ் என்றால், வழக்கமாக அடுத்த ஆண்டின் குறியீட்டைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். தகவல் தங்கள் கையில் இருந்தும் எச்எம்ஆர்சி மிகவும் தாமதமாகக் கேட்டால், தன் கணக்கு சரியாக இருக்கிறது என்று வரி கட்டுபவர் நம்புவதற்கு நியாயம் இருந்தால், ஏ19 என்ற சலுகையின் கீழ் தள்ளுபடி கேட்கலாம். நாங்களும் கேட்டோம். இரண்டு சீட்டிலும் ஒரே குறியீடு இருப்பது தெரியாதா என்ற கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இல்லை.

அதனால் குறியீடு சரியான பிறகு, வார இறுதியில் வேறு எங்காவது ஷிஃப்ட் எடுத்தால் அந்தச் சீட்டில் பிஆர்தான் வர வேண்டும். அங்கே 1257எல் வந்தால் எனக்கு எழுதுவதற்கு முன் எச்எம்ஆர்சிக்குப் போன் போடுங்கள்.