ஃபோ கிட் வாங்கலாமா?

கேள்வி: வியட்நாம்ல ஹனோய் டூர் போய்ட்டு வந்ததுலேர்ந்து அங்க காலைல சாப்ட்ட ஃபோ, அதான் அந்த நூடுல்ஸ் சூப், ஞாபகமாவே இருக்கு. வீட்ல செய்யலாம்னு ஆன்லைன்ல தேடுனா நூடுல்ஸ், மசாலா, க்யூப், ஹாய்சின் சாஸ் (இனிப்பான சோயா சாஸ்) எல்லாம் சேத்து ஒரு கிட் 950 ரூபான்னு வருது. வாங்கலாமா? மீன் சாஸ் வேற 200லேர்ந்து 1,200 வரைக்கும் இருக்கே, எதுங்க நல்லது? எங்க வீட்ல பீஃப் கிடையாது, கோழி மட்டும்தான்.

பதில்: கிட் வேணாங்க. நானும் ஒரு தடவ வாங்கி ஏமாந்தேன், பின்னாடி திருப்பிப் படிச்சா முதல்ல உப்பு, அடுத்து சர்க்கரை, அப்புறம் 621 (அஜினோமோட்டோதான்), அன்னாசிப்பூ எங்கயோ கடைசில கெடக்கு. எது எடை அதிகமோ அதத்தான் லேபிள்ல முதல்ல போடணும்னு விதி, அதனால அந்த வரிசைய பாத்தாலே எதுக்கு காசு குடுக்குறோம்னு தெரிஞ்சுரும்.

மசாலா பிரியாணிக்கு வாங்குறதுதான்: அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, மல்லி விதை, கருப்பு ஏலக்காய். அவங்க ஊரு கருப்பு ஏலக்காய் வேற சாதி, நம்மளோடத விட பெருசு, ஆனா புகை வாசத்துக்கு நம்மளோடதே போதும். மூணு லிட்டர் தண்ணிக்கு மூணு அன்னாசிப்பூ, அதுக்கு மேல போட்டா மருந்து வாசம் வந்துரும். எல்லாத்தையும் வெறும் சட்டில வறுத்து துணில முடிஞ்சு கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சூப்ல போடுங்க.

காசு போடவேண்டிய எடம் மீன் சாஸ்தான். பாட்டில்ல 30°என், 40°என்னு ஒரு நம்பர் இருக்கும், லிட்டருக்கு எத்தன கிராம் நைட்ரஜன்னு அர்த்தம், நம்பர் ஏற ஏற மீனோட சத்து கெட்டியா இருக்கு. சூப்புக்கு 30 தாராளம், 40 எல்லாம் தொட்டு சாப்பிடத்தான், அதனால 1,200 ரூபா பாட்டில் இதுக்கு தேவையே இல்ல. உள்ள என்னன்னு பாத்தா நெத்திலி, உப்பு, இந்த ரெண்டுதான் இருக்கணும். வியட்நாமோட ஃபூ குவோக் தீவு மீன் சாஸுக்கு ஐரோப்பாவுல 2012லயே புவிசார் பாதுகாப்பு குடுத்துட்டாங்க, நம்ம காஞ்சிபுரம் பட்டுக்கு இருக்குற மாதிரி, ஆனா அந்தப் பேர போட்டுக்கிட்டு வேற நாட்ல தயாரிச்சதும் வருது, எங்க செஞ்சதுன்னு படிச்சுட்டு எடுங்க.

ஹாய்சின் சாஸும் வேணாம். முளைகட்டுன பயறு, துளசி, ஹாய்சின்லாம் தெக்கத்தி பழக்கம், 1954ல நாடு ரெண்டா பிரிஞ்சப்ப வடக்குலேர்ந்து போனவங்களோட ஃபோ தெக்க இருக்குற சைகோன்ல பெருசா பரவி அப்படி மாறுச்சு. நீங்க சாப்ட்டது ஹனோய்ல, அங்க வெங்காயத்தாள், மிளகாய், பூண்டு ஊறுன வினிகர், அவ்ளோதான்.

கறிக்கடைல முட்டை போட்டு ஓஞ்ச லேயர் கோழி கேளுங்க, ப்ராய்லர்ல வராத ருசி அந்த முத்துன எலும்புல வரும். முதல்ல அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு அந்த தண்ணிய கொட்டிட்டு கோழிய நல்லா கழுவுங்க, இத விட்டுட்டா சூப் கலங்கலாத்தான் இருக்கும். வெங்காயத்தையும் இஞ்சியையும் சுட்ட கத்திரிக்கா மாதிரி தோலோட அடுப்பு நெருப்புல வச்சு திருப்பித் திருப்பி கருக்குங்க, வெளிய கரியாகி ஓரத்துல சாறு பொங்கி சீறும், அப்ப எடுத்து கரிய சுரண்டிட்டு பானைல போடுங்க. நீங்க தேடுற அந்த ஹனோய் வாசத்துல பாதி இதுதாங்க. அப்புறம் சிம்ல மூணு மணி நேரம், மூடாம, ஒண்ணு ரெண்டு குமிழி மட்டும் மேல வர்ற மாதிரி.

நூடுல்ஸ் தட்டையான அரிசி நூடுல்ஸா பாத்து வாங்குங்க, சேமியா மாதிரி உருண்டையா இருக்குறது வேற சாப்பாட்டுக்கு. அரை மணி நேரம் பச்சத்தண்ணில ஊறவச்சு கொதிக்கிற தண்ணில இருபது செகண்ட் முக்கி எடுத்தா போதும், வேகவச்சா குழஞ்சுரும். மீன் சாஸ அடுப்ப அணைக்கிறப்ப ஊத்துங்க, மூணு ஸ்பூன் ஊத்தி ருசி பாத்துட்டு அப்புறம் உப்பு.