பந்து வராத பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. கூடப் படிக்கும் பையன்கள் போன வருடம் அவனை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள், டூருக்கும் கூப்பிடவில்லை. அப்புறம் சாதிப் பெருமை பேசும் சில அண்ணன்களோடு சுற்ற ஆரம்பித்தான். சின்ன வயதிலிருந்து பழகிய பக்கத்துத் தெரு நண்பனைக்கூடக் கேவலமாகப் பேசுகிறான். “இவனுக்கு இனி இந்த வீட்டில் இடமில்லை” என்கிறார் அவன் அப்பா. என்ன செய்வது?
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, அந்த வார்த்தையை அவன் அப்பா இனி சொல்லவே வேண்டாம். ஓர் இடத்தில் தள்ளிவிட்டதால்தான் அவன் அங்கே போய் நிற்கிறான். வீடும் தள்ளினால் அந்த அண்ணன்களைத் தவிர அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை வைத்து ஒதுக்கலை ஆராய்ந்தார். மூன்று பேர் பந்து போட்டுப் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள், மூன்றாமவருக்குப் பந்து வராது. சில நிமிடம்தான், முன்பின் தெரியாத ஆட்கள்தான். அதற்கே மனசு நொந்துபோகிறது. பார்சிலோனாவில் வாழும் மொராக்கோ வம்சாவளி இளைஞர்களில், தீவிரவாதத்தின் பக்கம் சாயக்கூடியவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. இதே விளையாட்டில் ஒதுக்கப்பட்டவர்கள், அதுவரை உயிராக நினைக்காத விஷயங்களுக்காகவும் சண்டைக்குத் தயாரானார்கள்.

உங்கள் மகனுக்கு அந்த அண்ணன்கள் பந்தைப் போட்டார்கள். “வாடா தம்பி” என்று பைக்கில் ஏற்றியிருப்பார்கள், பேனரில் முகத்தைப் போட்டிருப்பார்கள். முதலில் மரியாதை கிடைக்கும். வெறுப்பு அதற்குப் பிறகு கேட்கப்படும் விலை. நீங்கள் சாதியைப் பற்றி வாதம் செய்தால், கிடைத்த கூட்டாளிகளையும் பறிக்க வருகிறீர்கள் என்றுதான் அவனுக்குக் கேட்கும். அந்த டூரைப் பற்றிக் கேளுங்கள். இதுவரை யாராவது கேட்டிருப்பார்களா? அப்பாவே ஒரு சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போகட்டும், புத்தி சொல்லாமல். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஆனால் வீட்டுக்குள் அந்தக் கேவலப் பேச்சு கூடாது என்பதில் உறுதியாக இருங்கள். யாரையாவது அடிக்கப் போகிறான் என்று தெரிந்தால் பிள்ளைப்பாசத்தில் மறைக்காதீர்கள், போலீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து பக்கத்துத் தெருப் பையனின் நினைப்பாகவே இருக்கிறது. இப்போது பந்து வராமல் நிற்பவன் அவன், நிறுத்தியது உங்கள் மகன். அவன் வீட்டுக்கு நீங்களே போங்கள். சமாதானம் பேச வேண்டாம், மன்னிக்கச் சொல்லியும் கேட்க வேண்டாம். “என் பிள்ளை பேசியது தப்பு” என்று அவனிடமும் அவன் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.