மனிதக் கடத்தலைத் தடுக்க என்றே ஒரு தூதர்: இந்தியாவுக்கு வேண்டுமா?

அமெரிக்காவில் மனிதக் கடத்தலை எதிர்ப்பதற்கென்றே தனித் தூதர் பதவி இருக்கிறதே, அதனால் சாதாரண மக்களுக்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நமக்கும் அப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும்.

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டவர்களின் வீட்டார், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதாத்' தளத்தில் புகார் போட என்னிடம் வருவார்கள். முதலாளி பெயர் என்ன என்று கேட்டால், "அரபின்னுதான் சொல்வாக தம்பி" என்பார் புகார் போட வந்த அக்கா. பாஸ்போர்ட் அரபியின் வீட்டில் இருக்கும். அப்படிப் பிடித்து வைப்பது சவுதியிலேயே சட்டப்படி தப்பு. விசாவில் அரபு மொழியில் உள்ளதைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் 'வீட்டு டிரைவர்' என்று வரும்; ஆள் இருப்பதோ நடுக்கடலில். சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ், சாப்பாடு, இக்காமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) செலவெல்லாம் கழித்து மிஞ்சுவதில் பங்கு. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இங்கே லட்சத்துக்குக் குறைந்து பேச்சே இல்லை, அதுவும் வட்டிக்கு வாங்கிய பணம்.

"விரும்பித்தானே போனார், இதில் கடத்தல் எங்கே வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. மனிதக் கடத்தலைத் தடுக்க ஐ.நா. கொண்டுவந்த 2000-ஆம் ஆண்டு பலேர்மோ நெறிமுறைப்படி, ஏமாற்றி அழைத்துப்போய்ச் சுரண்டினால் அவர் கொடுத்த சம்மதம் கணக்கில் வராது. இந்தியா 2011-ல் அதை ஏற்றது. நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவும் அதையேதான் சொல்கிறது.

தூதரக அதிகாரிகளைக் குறை சொல்ல மாட்டேன். புகார் போட்ட பிறகு ஊர் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவர் வந்ததும் அதே ஏஜென்ட் அடுத்த ஆளை அதே படகுக்கு அனுப்புகிறார். அந்த நாட்டு அரசிடம் போய் தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் உங்கள் ஸ்பான்சர் முறையை மாற்றுங்கள் என்று உட்கார்ந்து பேச ஓர் அந்தஸ்து வேண்டும். எண்ணெயும் வணிகமும் பேச வேண்டிய தூதருக்கு இது பத்தோடு பதினொன்று.

அமெரிக்கா 2000-ல் இதற்குத் தனிச் சட்டம் போட்டது. அதன்படி வெளியுறவுத் துறையில் அமைந்த கடத்தல் தடுப்பு அலுவலகத்தின் தலைவருக்கு செனட் ஒப்புதலோடு தூதர் அந்தஸ்து. 2001 முதல் ஆண்டுதோறும் நாடுகளைத் தரம் பிரித்து அறிக்கை வருகிறது. கடைசித் தரத்தில் விழுந்த நாட்டுக்கு அமெரிக்காவின் சில உதவிகள் நிற்கலாம். லூயிஸ் சிடிபாக்கா, ஜான் ரிச்மண்ட் போன்ற அரசு வழக்கறிஞர்கள் அந்தப் பதவியில் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் 2015-ல், தாய்லாந்து எல்லையில் புலம்பெயர்ந்தவர்களின் புதைகுழிகள் கிடைத்த சில வாரங்களிலேயே மலேசியாவின் தரத்தை உயர்த்தினார்கள். மலேசியாவும் சேர்ந்த வர்த்தக ஒப்பந்தத்துக்கு அமெரிக்கா பேச்சு நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த நாட்டு அறிக்கையை நம்பி நாம் இருக்க முடியாது என்பதற்கு இது போதும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. இலங்கைக்குப் போகும் தொழிலாளர்களைத் தங்கவைத்துச் சோதித்த, பக்கத்திலுள்ள மண்டபம் முகாம் வழியாகத்தான் எத்தனையோ குடும்பங்கள் கங்காணியிடம் கடன்பட்டு இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின. அவர்களுக்காக, 1922-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் இந்திய அரசு கண்டியில் ஓர் அதிகாரியை உட்கார வைத்தது. தோட்டங்களுக்குப் போய்ப் பார்ப்பதும் கூலி நிலவரத்தை ஆண்டுதோறும் எழுதுவதும் அவர் வேலை. 1927-ல் இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே முடிந்தது இப்போது ஏன் முடியாது? துறைமுகத்தில் படகு ஏறிப் பார்க்கவும், தமிழில் எழுதாத ஒப்பந்தம் செல்லாது என்று வாதாடவும் அதிகாரம் உள்ள ஒருவரைத்தான் நான் கேட்கிறேன்.

அதுவரை, போகிறவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவைப் பாருங்கள். முதலாளி பெயர், போன் நம்பர், விசா நகல் மூன்றையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். டூரிஸ்ட் விசாவில் அனுப்புகிறேன், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள்.