மற்ற நாள்களில் அந்தப் பாதையில் யார் நடக்கிறார்கள்?

கேள்வி: நான் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரன். எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு 13 வயது, இளையவளுக்கு 10. என் தகப்பன் எனக்குக் காடு பழக்கியது போல நானும் இவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தடம் பார்க்கவும் வேட்டையாடவும் சொல்லிக் கொடுக்க ஆசைப்படுகிறேன். மனைவி 'வேண்டாம்' என்று ஒரே பிடியாக நிற்கிறார். காரணம் சொல்வதில்லை. மூத்தவள் போன வருடம் பெரிய பிள்ளையாகிவிட்டாள், அதனால் ஊர்க்கதைக்குப் பயப்படுகிறார் போல. ஆபத்து ஒன்றும் வராது. பன்றிக்காக வயல் கரையில் கட்டியிருக்கும் துவக்கை, பிள்ளைகள் வருகிற அன்று கழற்றி வைத்துவிடுவேன். மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, பெண் பிள்ளைகளைக் காட்டுக்கும் குளத்துக்கும் கூட்டிப் போகலாமா என்று கேட்டு எனக்கு எத்தனையோ கடிதம் வந்துவிட்டது. நானே தகப்பனின் பின்னால் காட்டில் நடந்து வளர்ந்தவள்தான். ஆனால் உங்கள் ஆசையைப் பாராட்டி எழுத இப்போது எனக்கு மனம் வரவில்லை. 'பிள்ளைகள் வருகிற அன்று கழற்றி வைத்துவிடுவேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பிள்ளைகள் வராத நாளில் அந்தத் துவக்கு கட்டியிருக்கும் பாதையில் யார் நடக்கிறார்கள்?

விறகுக்குப் போகிறவர்கள் நடக்கிறார்கள். பட்டிக்குத் திரும்பாத மாட்டைத் தேடிப் பொழுதுபடுகிற நேரத்தில் ஒரு பொடியன் ஓடுகிறான். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுத்தால் வாளியும் கையுமாக அரை ஊரே போகிறது. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். அந்தக் கட்டுத்துவக்கு என்ன செய்யும் என்று தெரியாமல் கட்டியிருந்தால் உங்களுக்குப் பொறுமையாகச் சொல்லிப் பார்ப்பேன். உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. தெரிந்ததால்தான் உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அதைக் கழற்ற நினைக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான்.

கட்டுத்துவக்கைப் பார்த்திராதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு இரும்புக் குழாய். அதற்குள் வெடிமருந்து, ஈயத் துண்டு, சில நேரம் உடைந்த ஆணி. இரண்டு கவட்டைத் தடியில் அதைக் கிடத்திக் கட்டி, பன்றி வருகிற ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பி இழுத்துவிடுவார்கள். கம்பியில் தட்டினால் வெடிக்கும். நடக்கிற பன்றியின் நெஞ்சு எந்த உயரமோ, நடக்கிற மனிதரின் முழங்கால் அந்த உயரம்.

எனக்கு 16 வயதிருக்கும்போது எங்கள் ஊரில் விறகுக்குப் போன ஒரு அக்காவின் கால் அப்படித்தான் போனது. வெடிச் சத்தம் கேட்டு, யாருக்கோ பன்றி விழுந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். அவரை உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தி, நாலு பேர் பிடித்துக்கொண்டு, குண்டும் குழியுமான ரோட்டில் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. கட்டியவர் வேறு யாரும் இல்லை, அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன். அந்த அண்ணன் சாகும்வரை ஒவ்வொரு அறுவடைக்கும் முதல் மூட்டை நெல்லை அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்துவிடுவார். அக்கா ஒரு நாளும் அவரை ஏசியதில்லை. ஏசியிருந்தால் அந்த மனுஷன் கொஞ்சமாவது நித்திரை கொண்டிருப்பார் என்று அம்மா சொல்லுவா.

இன்னும் ஒன்றையும் யோசியுங்கள். வன்னிக் காட்டில் காலை வைக்கப் பயந்து வளர்ந்த ஒரு தலைமுறை நமக்கு உண்டு. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகளை உங்கள் மூத்த மகளும் பார்த்திருப்பாள். போர் முடிந்த 2009க்குப் பிறகு அந்த மிதிவெடிகளை எடுத்தவர்களில் எத்தனை பேர் பெண்கள்? தலையில் கவசம், முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, உச்சி வெயில். முழங்காலில் நின்று சாண் சாணாக மண்ணைச் சுரண்டினார்கள். பலர் குடும்பத்தைத் தனியே தாங்கியவர்கள். அவர்கள் துப்புரவாக்கித் தந்த மண்ணில்தான் இன்று விதைக்கிறோம். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கையும் 2017இல் சேர்ந்துவிட்டது. அதே மண்ணில், ஆளைப் பார்க்காமல் வெடிக்கிற இன்னொன்றை உங்கள் கையால் வைத்திருக்கிறீர்கள். அதன் பக்கத்தில் உங்கள் மகளை நிறுத்தி எந்தக் காட்டைப் பழக்கப் போகிறீர்கள்?

மனைவி காரணம் சொல்வதில்லை என்கிறீர்கள். ஊர்க்கதைக்குப் பயந்தவர் ஊர்க்கதை என்றே சொல்லியிருப்பார், அதைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. நீங்கள் எந்த இரவில் கட்டுகிறீர்கள், எந்த விடியலில் கழற்ற மறக்கிறீர்கள் என்று அந்த வீட்டில் அவருக்குத்தான் தெரியும். என் கணிப்பு பிழையாக இருந்தால் அவரே எனக்கு எழுதட்டும். கட்டைக் கழற்றாமல் அவரைச் சம்மதிக்க வைக்க என்னிடம் வழி கேட்காதீர்கள், தரமாட்டேன். பெற்றவன் தன் பிள்ளையை மட்டும் காப்பாற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது.

பன்றி வயலை என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும். கதிர் வெளிவருமுன், குடலைப் பருவத்தில் ஒரே இரவில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போய்விடும். கடன்பட்டு விதைத்தவனுக்கு அது வயிற்றில் அடி. அதற்குக் காவல்தான் வழி. பரண் போட்டு, பக்கத்து வயல்காரர்களுடன் முறை வைத்து விழித்திருங்கள். ரோச் லைட்டும், தட்டத் தகரமும், நல்ல இரண்டு நாயும் போதும். வேலியை அடர்த்தியாகக் கட்டுங்கள். கட்டுக்குப் பதிலாகப் பன்றிவெடி வைக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பழத்துக்குள் ஒளித்து வைப்பதை யானைக்கன்று கடித்தால் வாய் சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் நின்று சாகும்.

வேட்டையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் மரை என்கிற பெரிய மானின் இறைச்சி வற்றல் சாப்பிட்டு வளர்ந்தவள், அதை மறைக்கமாட்டேன். ஆனால் வனவிலங்குச் சட்டம் 1937இல் இருந்து இருக்கிறது, மானையும் மரையையும் சுடுவது குற்றம். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இறைச்சியைச் சாக்கில் மறைத்து, யார் கேட்டாலும் பொய் சொல்லி, அதிகாரியின் வாகனச் சத்தத்துக்குப் பற்றைக்குள் பதுங்குகிற பழக்கத்தை ஒரு தகப்பன் மகளுக்குக் கொடுக்கக் கூடாது. தூண்டிலைக் கொடுங்கள். முத்தையன்கட்டுக் குளத்தில் ஜப்பான் மீனும் (திலாப்பியா) விராலும் இருக்கின்றன. பிடித்ததைச் செதில் உரசி, குடல் எடுத்துக் கழுவி, சட்டியில் வைக்கிறவரை பிள்ளையே செய்யட்டும். உயிரை எடுத்துச் சாப்பிடுகிறோம் என்பது அப்போது கையில் தெரியும்.

தடம் பார்க்கக் கட்டாயம் பழக்குங்கள். எங்கள் அப்பு என்னை முதலில் கூட்டிப் போனது குளத்தின் அலைகரைக்கு. வற்றின சேற்றில் குந்தச் சொல்லி, ஒரு குளம்புத் தடத்தின் விளிம்பில் என் விரலை வைத்தார். விளிம்பு கூராக, ஈரமாக இருந்தால் இப்போதுதான் போயிருக்கிறது. தொட்டவுடன் பொருபொருவென்று உதிர்ந்தால் பழையது. பன்றித் தடத்துக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னக் குத்து இருக்கும். யானையின் முன்காற் சுவட்டைச் சுற்றிக் கயிற்றை வைத்து அளந்து, அந்த அளவைப்போல் இரண்டு மடங்கு நீளக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். 'இதுதான் அவரின் தோள் உயரம்' என்றார். கயிற்று நுனி அப்புவின் தலைக்கு மேலே ஒரு முழம் நின்றது. அன்றைக்கு வந்த பயமும் மரியாதையும் இன்றும் எனக்குள் இருக்கிறது.

பாலைப்பழ நாளில் கரடியும் வரும். அதனால் பழத்துக்குப் போகும்போது நாலைந்து பேராக, சத்தமாகக் கதைத்துக்கொண்டு, வெளிச்சம் வந்த பிறகு போங்கள். துப்புரவாக்கி முடியாத இடம் என்று பலகை நிற்கும் பக்கம் எட்டியும் பார்க்காதீர்கள்.

மூத்தவள் பெரிய பிள்ளையானதைப் பற்றி ஊர் கதைத்தால் கதைக்கட்டும், அதற்கு நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. மாற்றுத் துணியும் தண்ணீரும் பையில் இருந்தால் சரி.

இன்றைக்குப் பொழுது படமுதல் கட்டைக் கழற்றுங்கள். குழாயை நெளித்து, இனிப் பாவிக்க முடியாதபடி செய்யுங்கள். அதை மனைவி பார்க்கட்டும். அப்புறம் முதல் பயணத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள். சின்ன வயதில் பழம் பொறுக்கித் திரிந்தவராக இருந்தால், எந்தப் பாலை இனிக்கும், எது உதட்டை ஒட்டவைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல உங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.